எட்டாம் வகுப்பு வாசகன்

அக்டோபர் 9, வியாழன்

கூரியர்காரர் ஒரு பொட்டலத்தைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். நல்ல கனம். கருப்பட்டியாக இருக்கும் என்று ஆசையாகப் பிரித்தேன். காகிதம். அனுப்பியவர்: முனைவர் செண்பகவல்லி, மதுரை.

முனைவர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தாலும் ஆள் என் கொழுந்தியாதான். என் வீட்டுக்காரி கோமதியின் ஒரே தங்கை. காலேஜில் தமிழ் வாத்தியாரம்மாவாக இருந்து ரிட்டயர் ஆனவள். கல்யாணம் கட்டாமலே இருந்துவிட்டாள்.

சாயங்காலம் அவளே போன் செய்தாள். கோமதி போய் நாலு வருஷம் ஆகிறது. அதற்குப் பிறகு பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று என்றுதான் அவள் போன் வரும். நல்லா இருக்கீங்களா, நல்லா இருக்கேன், அவ்வளவுதான்.

"அத்தான், பார்சல் வந்துட்டா?"

"வந்துட்டு. உங்க ஊர்ல பழைய பேப்பர்க்காரன் கிடையாதா?"

அவள் சிரிக்கவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

அவள் டாக்டர் பட்டத்துக்கு எழுதிய ஆய்வேட்டைப் புத்தகமாகப் போடப் போகிறார்களாம். எங்கள் பக்கத்துச் சொந்தக்காரர்கள் ஒருவரை ஒருவர் கேலி பேசுவதைப் பற்றிய ஆராய்ச்சி. யார் யாரைக் கேலி பண்ணலாம், எவ்வளவு தூரம் பண்ணலாம், யாரைப் பண்ணவே கூடாது. இதற்கு ஒரு டாக்டர் பட்டம்! அப்படிப் பார்த்தால் எனக்கு எத்தனை கொடுத்திருக்க வேண்டும்.

பதிப்பகத்துக்காரர் தெய்வநாயகம் என்று ஒருத்தர். "ஆய்வேட்டை அப்படியே போட்டால் கரையான்தான் படிக்கும். ஒவ்வொரு இயலையும் திரும்ப எழுதுங்கள். எட்டாம் வகுப்புப் படித்த ஒருத்தர் புரிந்தது என்று சொன்னால்தான் அச்சுக்கு எடுப்பேன்" என்று கண்டிஷன் போட்டிருக்கிறார். நவம்பருக்குள் எல்லாம் கைக்கு வந்தால் ஜனவரி புத்தகக் கண்காட்சிக்குப் புத்தகம். இல்லையென்றால் அடுத்த வருஷம்தான்.

"எட்டாங்கிளாஸ் படிச்ச ஆளுன்னு எனக்குத் தெரிஞ்சது நீங்க ஒருத்தர்தான் அத்தான்."

"பாஸா பெயிலான்னு கேட்டாரா?"

"கேக்கல."

"அப்ப சரி."

அக்டோபர் 11, சனி

முதல் இயல் படித்தேன். பழைய டைப் பக்கங்கள் தனியாக இருக்கின்றன. அவள் புதிதாகக் கையால் எழுதியது தனியாக. நான் படிக்க வேண்டியது கையெழுத்தை.

விஷயம் இதுதான். கேலி என்பது வாய்க்கொழுப்பு இல்லை. கல்யாணம் கட்டிக்கொள்கிற முறை உள்ள இடத்தில்தான் கேலி. மச்சான் மச்சினன், அத்தான் கொழுந்தியா, மாமன் மகள் அத்தை மகன். அண்ணன் தம்பியிடம், பெற்ற பிள்ளையிடம், மருமகளிடம் மரியாதைதான். கேலி பேசினால் கோபித்துக்கொள்ளக் கூடாது. கோபித்தால் உறவு வேண்டாம் என்று அர்த்தம். டிக்கெட்டில் ஊர்ப் பேர் போட்ட மாதிரி அவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறாள்.

சாயங்காலம் போன் வந்தது. புரியவில்லை என்று சொல்லிவிட்டேன்.

"எந்த இடம் புரியல அத்தான்?"

"கருதுகோள்னு ஒண்ணு வருதே. அது எந்த வீட்ல இருக்கு? ஏழரைச் சனி மாதிரி படுத்துமா?"

சிரித்துவிட்டாள். சட்டென்று அடக்கிக்கொண்டு விளக்கம் சொல்ல ஆரம்பித்தாள். வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னாள். கடைசியில், "சரி, அந்த வார்த்தையே வேண்டாம். மாத்தி எழுதி அனுப்புதேன்" என்றாள்.

ஒரு தடவைக்கு இரண்டு தடவை எழுதினால் எழுத்து நன்றாக வரும். அவள் நன்மைக்குத்தான்.

அக்டோபர் 12, ஞாயிறு

குழாயில் தண்ணீர் வந்தது. எல்லாக் குடத்தையும் நிரப்பினேன். மகன் நெல்லையப்பன் ஓசூரிலிருந்து பேசினான். மாத்திரை போட்டீங்களா என்றான். போட்டேன் என்றேன். சரிப்பா என்றான்.

அக்டோபர் 16, வியாழன்

முதல் இயல் திரும்ப வந்தது. கருதுகோளைக் காணோம். இப்போது இன்னும் நன்றாக இருக்கிறது. புரியவில்லை என்றேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மாடசாமி மெஸ்ஸில் ரசம் வெறும் தண்ணீர். "ஏ மாடசாமி, இதுல கை கழுவணுமா, குடிக்கணுமா?" என்றேன். "அண்ணாச்சி, புடிக்கலைன்னா வேற மெஸ் பாத்துக்கிடுங்க" என்றான். முகத்தில் சிரிப்பே இல்லை.

இதையே மூக்கையாவிடம் சொல்லியிருந்தால் ரசத்தை என் தலையில் ஊற்றியிருப்பான். மூக்கையா எனக்கு மச்சினன் முறை. ஊரில் என்னை மச்சான் என்று கூப்பிட்ட கடைசி ஆள். போன தை மாதம் போய்ச் சேர்ந்தான். இப்போது எல்லோரும் அண்ணாச்சி, தாத்தா, பெரியவரே என்கிறார்கள். மரியாதைக்கு ஒரு குறைவும் இல்லை.

அக்டோபர் 20, திங்கள். தீபாவளி

பக்கத்து வீட்டு அம்மா அதிரசம் கொடுத்தார். கல். காப்பியில் ஊற வைத்துத் தின்றேன்.

போன இரண்டு நாளாகப் படித்தது மூன்றாவது இயல். கல்யாண வீட்டுக் கேலி. பழைய டைப் பக்கத்தில் 'இருக்கைசார் கேலி' என்று ஒரு தலைப்பு. கீழே, 'தகவலாளி: ஆண், கோவில்பட்டி, தனியார் பேருந்து நடத்துநர்' என்று இருக்கிறது. யார் இந்த ஆள் என்று பார்த்தால் நான்தான்.

எங்கள் கல்யாணத்தில் இந்தச் செண்பகம் மாப்பிள்ளை உட்காரும் சமுக்காளத்துக்குக் கீழே அப்பளத்தை அடுக்கி வைத்தாள். நான் உட்கார்ந்ததும் சடசடவென்று நொறுங்கியது. "ஐயையோ, மாப்பிள்ளைக்கு எலும்பு முறிஞ்சிட்டு" என்று கத்தினாள். பந்தலே சிரித்தது. கோமதி தலையைக் குனிந்துகொண்டுதான் இருந்தாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது. இதுதான் இருக்கைசார் கேலி.

போன் வந்ததும் கேட்டேன். "தகவலாளின்னா என்னட்டி? பங்காளி தெரியும், கூட்டாளி தெரியும்."

"தகவல் சொன்ன ஆளு அத்தான்."

"நான் எங்க தகவல் சொன்னேன்? உக்காந்தேன். நொறுங்குச்சு."

இருமல் வருகிற வரைக்கும் சிரித்தாள். கோமதி போனதிலிருந்து சொல்லாத 'ட்டி' பேச்சுவாக்கில் என் வாயில் வந்துவிட்டது. அவள் கவனிக்காத மாதிரி இருந்தாள். நானும் அப்படியே இருந்துகொண்டேன்.

மூன்றாவது இயலும் புரியவில்லை.

அக்டோபர் 27, திங்கள்

மழை. கொடியில் கிடந்த பனியன் காயவே இல்லை. ஈரத்தோடு போட்டுக்கொண்டேன்.

நாலாவது இயல், முறை தவறிய கேலி. ஆள் தெரியாமல் கேலி பேசிவிட்டு, பிறகு உறவைக் கணக்குப் பார்த்தால் அவர் தங்கச்சி முறை என்று தெரியவருவது. எனக்கே நடந்திருக்கிறது. விளாத்திகுளம் பஸ்ஸில் கோழிக்கூடையோடு ஒரு பெண் ஏறினாள். "கோழிக்கு டிக்கெட், உனக்கு ஃப்ரீ. நீ என் மடியில உக்காந்துக்கோ" என்றேன். பக்கத்தில் இருந்த பெரியவர், "அடேய் ஆவுடையப்பா, அது உன் பெரியப்பா கொழுந்தியா மகடா. உனக்குத் தங்கச்சில்லா" என்றார். பஸ் முழுக்க அமைதி. நான் அந்தத் தங்கச்சியிடம் மன்னிப்புக் கேட்டு, கூடையை என் தலையில் வைத்து இறக்கிவிட்டேன். அதன்பிறகு அவள் வீட்டு விசேஷம் எல்லாவற்றுக்கும் அண்ணன் சீர் கொண்டுபோக வேண்டியதாயிற்று.

இதைச் செண்பகத்திடம் சொன்னேன். "ஐயோ, இது எனக்குத் தெரியாதே, அப்பவே சொல்லியிருந்தா ஆய்வுல சேத்திருப்பேனே" என்றாள்.

"நீ தகவலாளி தகவலாளின்னு சொல்லுவியே, அதான் சொல்லல."

"அக்காவுக்குத் தெரியுமா?"

"அவளைத்தான் முதல் சீருக்குக் கூட்டிட்டுப் போனேன். வழியெல்லாம் சிரிச்சுக்கிட்டே வந்தா."

கோமதி பேச்சை அதோடு நிறுத்திக்கொண்டேன். "சரி, இந்த இயல் சுத்தமாப் புரியல" என்றேன். "சரி அத்தான், மாத்துதேன்" என்றாள்.

நவம்பர் 3, திங்கள்

அவள் எழுத்து பெரிதாகிக்கொண்டே போகிறது. வரி ஒன்று மேலே ஏறுகிறது, ஒன்று சரிந்து பக்கத்தை விட்டே இறங்குகிறது.

"ஏன் டாக்டரே, எட்டாங்கிளாஸ்னு சொன்னது உனக்கு ஒண்ணாங்கிளாஸ்னு கேட்டுட்டா? தேர்ச் சக்கரம் மாதிரி எழுதுத?"

"பெரிசா எழுதினா உங்களுக்கு வசதியா இருக்கும்னுதான்."

என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அதைச் சொன்னேன். "உங்களுக்கென்ன அத்தான்" என்றாள்.

நவம்பர் 6, வியாழன்

சவரம் பண்ணிக்கொண்டேன். போனில் முகம் தெரியாதுதான். ஆனாலும் சவரம் பண்ணியிருந்தால் பேச்சு நன்றாக வருகிறது. மெஸ்ஸுக்குப் போகும் நேரத்தை மாற்றிவிட்டேன். அவள் கூப்பிடுகிற நேரமும் மெஸ் நேரமும் இடித்தது.

நவம்பர் 12, புதன்

தெய்வநாயகம் என்கிறவர் என்னையே கூப்பிட்டுவிட்டார்.

"ஐயா, நீங்கதான் அந்த எட்டாம் வகுப்பு வாசகரா? அஞ்சு இயல் போயிருக்கு. ஒண்ணுகூட பாஸ் ஆகலையே. எங்க இடிக்குது?"

"எல்லா இடமும் இடிக்குது சார். திருவிழா பஸ்ஸு மாதிரி."

சிரித்தார். ஆனால் சுரத்தில்லை. "அம்மா இந்த வருஷமே புத்தகம் வந்தாகணும்னு சொல்லிட்டிருக்காங்க" என்றார்.

"ஏன் சார், அடுத்த வருஷம் கண்காட்சி கிடையாதா?"

"கண்காட்சி இருக்கும்யா" என்று இழுத்தார். பிறகு வைத்துவிட்டார்.

படித்தவர்கள் எதையும் முழுசாகச் சொல்ல மாட்டார்கள். போகட்டும். நாளைக்கு ஒன்றிரண்டு இயலைப் புரிந்தது என்று சொல்லிவிடலாம். எல்லாம் புரிந்துவிட்டால் அப்புறம் அவள் எதற்குக் கூப்பிடுவாள் என்பது வேறு விஷயம்.

நவம்பர் 13, வியாழன்

சொல்லவில்லை. மழையில் லைன் சரியாகக் கேட்கவில்லை.

நவம்பர் 18, செவ்வாய்

ஆறாவது இயல் வந்தது. இதுதான் கடைசி. தலைப்பு, 'கேலி நின்றுபோகும் இடம்'. ஒரு பக்கத்துக்கு ஏழெட்டு வரிதான் பிடித்திருக்கிறது.

விளாத்திகுளம் பக்கத்தில் ஒரு பெண் அவளிடம் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறாள்: "அக்கா இருந்த வரைக்கும் அத்தானைப் பாத்து, என்னையும் கட்டிக்கிட்டுப் போங்கம்பேன். அக்காவே சிரிப்பா. அக்கா செத்தப்புறம் அந்த வீட்டு வாசல்ல நின்னு ஒரு செம்பு தண்ணி கேக்கமாட்டேன். அதே வார்த்தையை இப்பச் சொன்னா அது கேலியா? நெசமாக் கேட்டதாத்தான ஊரு எடுத்துக்கிடும்?"

அதற்குக் கீழே செண்பகம் எழுதியிருப்பது: கேலி இரண்டு பேருக்குள் நடப்பது போலத் தெரியும். ஆனால் அதற்கு மூன்று பேர் வேண்டும். நடுவில் இருப்பவள் போனதும் மற்ற இருவரும் மரியாதைக்குப் போய்விடுகிறார்கள். ஒரு சாவுக்கு வீட்டில் இரண்டு துக்கம். இரண்டாவதைக் கேட்க யாரும் வருவதில்லை.

பழைய டைப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். அந்தப் பெண் சொன்னது இருக்கிறது. இரண்டாவது துக்கம் பற்றிய கடைசி வரி இல்லை. அது இப்போது எழுதியது.

கோமதிக்குப் பதினாறாம் நாள் செய்தபோது செண்பகம்தான் பாயசம் கிண்டினாள். "உங்க அக்கா இருந்தாலும் இல்லாட்டாலும் நீ கிண்டினா அடிதான் பிடிக்கும்போல" என்றேன். அடுப்படியில் இருந்த சொந்தக்காரப் பெண்கள் ஒரே நேரத்தில் பேச்சை நிறுத்தினார்கள். ஒருத்தி இன்னொருத்தியைப் பார்த்தாள். செண்பகம் கரண்டியை வைத்துவிட்டு உள்ளே போனாள். சாயங்காலம் மதுரைக்குக் கிளம்பும்போது, போய்ட்டு வாரேன் என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

அதெல்லாம் இங்கே எதற்கு. மெஸ்ஸுக்குப் போகவில்லை. பசியில்லை.

நவம்பர் 19, புதன்

வழக்கமான நேரத்துக்குக் கூப்பிட்டாள்.

"படிச்சீங்களா அத்தான்? எந்த இடம் புரியல?"

"எல்லாம் புரிஞ்சுது."

அப்படிச் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வாயில் வந்துவிட்டது.

"எல்லாமேயா?"

"ஆமா. இதுல ஒரு எழுத்தும் மாத்தாத. அப்படியே குடுத்துரு."

அங்கே மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"அப்பளம் நொறுங்குன கதை மூணு தடவை எழுதியும் உங்களுக்குப் புரியல. ஆறு இயல்ல கஷ்டமானது இதுதான். இது மட்டும் ஒரே தடவையில புரிஞ்சிட்டா?"

கையில் இருந்த பக்கங்களை மடக்கினேன்.

"அப்ப மத்ததெல்லாம்? விளையாடுனீங்களா?"

"செம்பகம், நான் என்ன சொல்லுதேன்னா..."

"எனக்கு ஒரு கண்ணு போயிட்டு அத்தான். இன்னொண்ணும் போயிட்டே இருக்கு. எழுதக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு. லென்ஸைக் கையில பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு எழுத்தா எழுதினேன். என் புத்தகம்னு ஒண்ணு வந்தா, அதை நானே ஒருதரம் படிச்சிரணும். அவ்வளவுதான் என் ஆசை. நீங்க விளையாடுனீங்க."

வைத்துவிட்டாள்.

நவம்பர் 20, வியாழன்

மழை இல்லை.

நவம்பர் 21, வெள்ளி

ஒவ்வொரு இயலுக்கும் அவள் முதல் தடவை எழுதிய பக்கங்களைத் தனியாகப் பிரித்து அடுக்கினேன். தெய்வநாயகத்தின் விலாசத்துக்குக் கூரியரில் போட்டேன். கூட ஒரு துண்டுச் சீட்டு. 'இதெல்லாம் எனக்கு முதல் தடவையே புரிந்தது. இனி அந்த அம்மாவை ஒரு வரிகூட எழுத வைக்காதீர்கள். புத்தகத்தில் எழுத்தைப் பெரிதாகப் போடுங்கள். இப்படிக்கு, எட்டாம் வகுப்பு.'

நாளைக்கு அவர் கூப்பிடுவார், திட்டுவார்.

நவம்பர் 24, திங்கள்

தெய்வநாயகம் கூப்பிட்டார். திட்டவில்லை. "கிடைச்சுதுய்யா. எல்லாம் சரியா இருக்கு. கண்காட்சிக்கு வந்துரும்" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "ஏன்யா அப்படிச் செஞ்சீங்க?" என்றார். சிக்னல் போய்விட்டது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

டிசம்பர் 1, திங்கள்

போன் இல்லை. புத்தக வேலை முடிந்துவிட்டது, எதற்குக் கூப்பிடப் போகிறாள்.

டிசம்பர் 9, செவ்வாய்

நானே கூப்பிடலாம் என்று எடுத்தேன். எடுத்ததும் என்ன விஷயம் என்று கேட்பாளே. மன்னிப்புக் கேட்கலாம். கொழுந்தியாவிடம் மன்னிப்புக் கேட்டால், கேலி பண்ணியது தப்பு, இனி மரியாதையாக இருப்போம் என்று ஆகிவிடும். போனைக் கீழே வைத்தேன்.

டிசம்பர் 10, புதன்

மெஸ்ஸுக்குப் பழைய நேரத்துக்கே போனேன். மாடசாமி, "என்ன அண்ணாச்சி, தாடி வச்சிருக்கீங்க, சபரிமலைக்கா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். இலவசமாக ஒரு வடை வைத்தான்.

டிசம்பர் 28, ஞாயிறு

நெல்லையப்பன் பேசினான். மாத்திரை போட்டேன்.

ஜனவரி 8, வியாழன்

புத்தகம் வந்தது. பதிப்பகத்திலிருந்து நேராக அனுப்பியிருக்கிறார்கள். அட்டையில் அவள் பேர். எழுத்து நல்ல பெரிது, சின்னப்பிள்ளைப் பாடப்புத்தகம் மாதிரி. அப்பளம் இருக்கிறது. கோழிக்கூடைத் தங்கச்சிகூட இருக்கிறாள், போனில் சொன்னதைக் கேட்டு எப்போது சேர்த்தாளோ.

கடைசியில் தேடினேன். ஐந்து இயலோடு புத்தகம் முடிந்துவிட்டது. அச்சில் பக்கம் விட்டுப் போயிருக்கும் என்று தெய்வநாயகத்தைக் கூப்பிட்டேன்.

"அச்சுல தப்பில்லய்யா. ஆறாவது இயலை அம்மாதான் கடைசி நேரத்துல எடுத்துட்டாங்க. புத்தகத்துலயே நல்ல இயல் அதுதான்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். 'அந்த முடிவுக்கு ஆதாரம் போதாது சார். ஒண்ணரை மாசம் நானே போன்ல வேற மாதிரி பாத்துட்டேன்'னாங்க. எனக்கு ஒண்ணும் விளங்கல. உங்களுக்கு விளங்குதா?"

"இல்ல சார்" என்றேன்.

புத்தகத்தைத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.

ஜனவரி 12, திங்கள்

காலையில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ஈரக் கையோடு எடுத்தேன்.

"அத்தான்."

"சொல்லும்மா."

"முழுசும் படிச்சிட்டேன். ஒரு நாளைக்குக் கொஞ்சம் கொஞ்சமா. லென்ஸை வச்சுக்கிட்டு."

"தப்பு கிப்பு இருக்கா?"

"இல்ல. நல்லாத்தான் இருக்கு."

"அடுத்த புத்தகம் ஏதும் எழுதுதியா? படிச்சுப் பாக்கணுமா?"

"இனி எங்க அத்தான் எழுத. அவ்வளவுதான்."

போனை மறு காதுக்கு மாற்றினேன். "அப்ப என்ன விஷயமாக் கூப்பிட்ட?" என்றேன்.

"ஒரு விஷயமும் இல்ல. பேசிக்கிட்டிருக்கணும்போல இருந்துது. கூப்பிட்டேன்."

கேலியாகப் பதில் சொல்ல இதைவிட நல்ல இடம் வாய்க்காது. மூக்கையா இருந்திருந்தால் என்னைச் சும்மா விட்டிருக்க மாட்டான்.

"சரி, பேசுட்டி" என்றேன்.

குடம் நிரம்பி, தண்ணீர் வாசலைத் தாண்டித் தெருவுக்கே போய்விட்டது. பக்கத்து வீட்டு அம்மா வெளியே நின்று சத்தம் போட்டார். நான் குழாயை அடைக்கப் போகவில்லை.